ஐந்தைவிடச் சிறிய பத்து

அமெரிக்காவுக்கு வந்த புதிதில், கடைகளில் சில்லறையை உள்ளங்கையில் பரப்பி எண்ணும்போதெல்லாம் என்னைத் தடுமாற வைத்தது டைம் எனப்படும் பத்து சென்ட் நாணயம்தான். ஐந்து சென்ட் மதிப்புள்ள ‘நிக்கல்’ நாணயத்தின் விட்டம் 21.21 மில்லிமீட்டராக இருக்க, அதைப்போல் இருமடங்கு மதிப்புள்ள டைமின் விட்டமோ 17.91 மில்லிமீட்டர்தான். போதாக்குறைக்கு, 10 என்ற எண்ணும் அதில் இல்லை. ‘ஒரு டைம்’ என்று எழுத்தால் மட்டுமே பொறித்திருக்கிறார்கள்.

1792ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி, டாலர் நாணயத்திலுள்ள வெள்ளியில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு டைமில் இருக்க வேண்டும் என்பதால், அது சிறியதாகத்தான் இருக்க முடிந்தது. ஐந்து சென்ட்டும் தொடக்கத்தில் ‘அரை டைம்’ என்ற, அதனினும் சிறிய வெள்ளிக்காசாகவே இருந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் மக்கள் வெள்ளிக்காசுகளைப் பதுக்கிவிட, 1866இல் 75 சதவீதம் செம்பும் 25 சதவீதம் நிக்கல் உலோகமும் கலந்த, அளவில் பெரிய ஐந்து சென்ட் நாணயம் வந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் டைமிலிருந்து வெள்ளியை நீக்கியபோதும் அளவு மாறவில்லை.

டைமின் விளிம்பை நகத்தால் வருடினால் தட்டுப்படும் 118 வரிகளும், வெள்ளியைச் சுரண்டித் திருடுவதைத் தடுக்க உதவிய பழைய காவலின் எச்சமே. நிக்கல் நாணயத்தின் விளிம்பு வழுவழுப்பானது.

என் மனத்தை மிகவும் தொட்டது டைமிலுள்ள, இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் முகம். இளம்பிள்ளை வாதத்துக்கு எதிரான நிதிக்காக 1938இல் மக்கள் வெள்ளை மாளிகைக்கு டைம்களையே அஞ்சலில் அனுப்பினார்கள்; அவர் மறைந்த மறு ஆண்டான 1946இல், அதே நாணயத்தில் அவர் முகம் பொறிக்கப்பட்டது.