தெற்கே வாய்க்கால்

"இதில தண்ணி எங்கால போகும், தம்பி?"

காணி பிரிக்க அனுமதி கேட்டுப் போட்ட எங்கள் பைலைத் திறந்த உத்தியோகத்தர் கேட்ட முதல் கேள்வி இதுதான். உறுதியின் பிரதி, பிரிப்புப் பிளான், வரி கட்டிய பற்றுச்சீட்டு என்று எல்லாம் அடுக்கிக்கொண்டு போயிருந்தோம். இந்தக் கேள்விக்கு மட்டும் எங்களிடம் பதில் இருக்கவில்லை.

வவுனியா நகர எல்லையோரம் அப்பா விட்டுப்போன 3 ஏக்கரை வீட்டுக்காணிகளாகப் பிரிக்க அக்காவும் நானும் முடிவெடுத்தோம். அனுமதி கைக்கு வர 14 மாதம் எடுத்தது. அதில் பாதி, எதை முதலில் செய்வது என்று தெரியாததால் போன காலம். காணி பிரிக்க இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் காணி உறுதிக்காணியா (சொந்தப் பத்திரம் உள்ளது), பெர்மிட் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) என்று பாருங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணிகள் வன்னியில் நிறைய உண்டு. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அவற்றைப் பிரிக்கவோ கைமாற்றவோ முடியாது. எங்களுடையது உறுதிக்காணி. மூல உறுதி இடப்பெயர்வில் தொலைந்துபோனது, காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தோம்.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்ற ஆய்வு, செய்யவேண்டி வருமோ என்று பயந்தது உண்மை. 1993 வர்த்தமானியில் உள்ள பட்டியலைப் பார்த்தால், வீடமைப்புத் திட்டம் என்றால் 1000 வீடுகளுக்கு மேல் போனால்தான் அது வரும். ஆனால் இடம் காட்டொதுக்கத்தின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் வந்தாலோ, குளத்தைச் சுற்றி விட்டிருக்கும் ஒதுக்குநிலத்துக்குள் விழுந்தாலோ அந்த எண்ணிக்கைக் கணக்கு எடுபடாது. பண்டாரிகுளம், தாண்டிக்குளம், நெளுக்குளம், வைரவபுளியங்குளம் என்று ஊர்ப்பெயரெல்லாம் குளமாக இருக்கிற இடத்தில் இதை லேசாக எடுக்கக்கூடாது. எங்கள் காணி இரண்டுக்கும் வெளியே இருந்தது. அதைக் கடிதமாக எடுத்துக் கொடுக்கவேண்டும், வாய்ச்சொல் போதாது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

பிளான் கீறியவர் காணியைப் பார்த்தது ஆவணி வெயிலில். நிலம் வெடித்துக் கிடந்தது, தெற்குப் பக்கம் முழுக்க நாயுண்ணிப் பற்றை. அவர் அந்தப் பற்றைக்குள்ளும் நாலு காணித்துண்டு போட்டுவிட்டார். நாங்களும் கேள்வி கேட்காமல் கையெழுத்து வைத்தோம். பைல் திரும்பி வந்ததும் அக்கா உறுதியின் பிரதியை விரித்து வைத்து எல்லைகளை விரலால் தொட்டு வாசித்தார். "கிழக்கு ஒழுங்கை, வடக்கு பிறர் காணி, மேற்கு பிறர் காணி, தெற்கு வாய்க்கால்." இத்தனை மாதம் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறோம். அந்த ஒரு சொல் எங்கள் இருவரின் கண்ணிலும் படவில்லை.

வாய்க்கால் இருந்தால் பக்கத்தில் வயலும் இருந்திருக்குமே என்று, நெற்காணிப் பதிவேடு இருக்கும் கமநல சேவை நிலையத்துக்குப் போனோம். பதிவேட்டில் எங்கள் காணியின் தெற்கு அரை ஏக்கர் நெற்காணியாக இருந்தது. நாங்கள் இடம்பெயர்ந்த பிறகு அங்கே ஒருவரும் விதைக்கவில்லை. அது வயல் என்பதே எனக்கு நினைவில்லை, நான் அப்போது கைக்குழந்தை. பதிவேட்டில் மட்டும் அது வயலாகவே இருந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, நெற்காணியை நிரப்பக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஐந்தாறு லோட் மண்ணைக் கொட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பைச் சேர்ந்த வயதான ஐயா ஒருவர் எங்களோடு காணிக்கு வந்தார். கையில் கத்தி. பற்றையை வெட்டிக்கொண்டு முன்னால் போனவர் ஓரிடத்தில் நின்று, காலால் சருகைத் தள்ளினார். கீழே சாம்பல் நிறக் களி, அதற்குள் நத்தைச் சிப்பிகள். "குளம் வான் பாஞ்சா தண்ணி இதாலதான் வரும் பிள்ளையள். நீங்கள் மறிச்சா அது மற்றவன்ர வீட்டுக்குள்ள போகும்." வான் பாய்வது என்றால் குளம் நிரம்பி வழிவது. பிறகு மருத மரம் ஒன்றின் அடியைக் காட்டினார். என் முழங்கால் உயரத்தில் பட்டையின் நிறம் மாறியிருந்தது. தண்ணீர் நின்ற அடையாளம். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது நானும் உலருணவு கட்டிக்கொண்டு போனவன். வீட்டுச் சுவரில் சேற்றுக்கோடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்களிடம் காணி வாங்கும் குடும்பம் ஒன்று அப்படி ஒரு கோட்டைப் பார்க்கக்கூடாது என்று அந்த மரத்தடியில்தான் நினைத்தேன்.

தெற்கு அரை ஏக்கரைப் பிரிப்பிலிருந்து எடுத்துவிட்டோம். வயல் வயலாகவே இருக்கிறது.

மீதி இரண்டரை ஏக்கரில் இன்னொரு சிக்கல். காணி அளவில் பெரிதாக இருந்தால் வீதி போக மிஞ்சும் நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் தேவைக்கு விடவேண்டும். இரண்டரை ஏக்கர் என்றால் 400 பேர்ச். வீதிக்கு 50 பேர்ச் போய் 350 பேர்ச் மிஞ்சியது, ஆக 35 பேர்ச் விடவேண்டும். அதாவது மூன்றரைப் பரப்பு. பிளான் கீறியவர், காணியை இரண்டு பைலாகப் போட்டால் அது வராது என்றார். அக்கா அந்த இடத்திலேயே வேண்டாம் என்றுவிட்டார். சிறுபிள்ளைகளுக்கு ஓடி விளையாட ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல் காணி விற்றால் அப்பாவின் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டது சரி. மேட்டுப்பக்கம், பழைய பாலை மரம் நிற்கிற துண்டையே அதற்கு விட்டோம். பிளான் கீறுபவரையும் மாற்றினோம்.

இரண்டாம் முறை பைல் போனபோது உள்வீதி வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் மதகும், அதன் அகலமும், தண்ணீர் ஓடும் திசைக்கு அம்புக்குறியும் பிளானில் இருந்தன. கமநல சேவை நிலையத்தின் கடிதமும் இருந்தது. இடம் பார்க்க வந்தவர்கள் அரை மணித்தியாலத்தில் முடித்துக்கொண்டு போனார்கள். பிறகு தாமதமே இல்லை.

உங்கள் காணியை ஆவணியில் பார்த்தால் கார்த்திகையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. கமக்கார அமைப்பில் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிளானுக்குக் காசு கொடுப்பது அதற்குப் பிறகு.

மதகுக்கு இரண்டடி அகலம் போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஐயா மூன்றடி கேட்டார். மூன்றடியே கட்டினோம். போன மாரியில் குளம் வான் பாய்ந்த அன்று காலையில் அவரே தொலைபேசி எடுத்தார். அக்காவும் நானும் ஓடிப்போய்ப் பார்த்தோம். தண்ணீர் மதகின் முக்கால்வாசிக்கு ஏறி, கலங்கலாக, சத்தம் போட்டுக்கொண்டு வயல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வீதியில் ஒரு சொட்டும் இல்லை.