போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கைக்கு வந்த கதை

காவலில் இருந்தபோது இறந்துபோன என் தம்பியின் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. கோர்ட் முத்திரை வைத்த நகல். இதே அலைச்சலில் இப்போது இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். வயிற்றெரிச்சலும் ஒரு காரணம், மறைப்பானேன்.

எஃப்ஐஆர் நகல் பிரச்சினை இல்லாமல் கிடைத்தது. நீதித்துறை நடுவர் முன்னால் அம்மாவும் நானும் சாட்சி சொன்னதும் அப்படித்தான், பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்துகொண்டார். காவல் மரணம் என்றால் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 196-ஆம் பிரிவின்படி இந்த விசாரணை கட்டாயம். முன்பு பழைய சட்டத்தில் 176(1ஏ) என்று சொல்வார்களே, அதேதான். இதற்குப் பிறகு ஒரு தாள்கூடச் சுலபமாக வரவில்லை.

முதலில் ஸ்டேஷனில் கேட்டோம். 2020 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. காவல் மரணத்தில் உடற்கூறாய்வை வீடியோ எடுக்க வேண்டும், அறிக்கையையும் வீடியோவையும் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். ரைட்டர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இது மதுரை கேஸும்மா, நம்ம ஊருக்கு வராது" என்றார். உயர் நீதிமன்ற உத்தரவுக்கு ஊர் எல்லை உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது!

ரிப்போர்ட் எங்களிடம் இல்லை, ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரி கிளார்க், "போலீஸ்ல ரெக்வெஸ்ட் வந்தா போலீஸுக்குத்தான் கொடுப்போம். அதுவும் விசரா ரிசல்ட் இன்னும் வரலை" என்றார். விசரா என்றால் ஆய்வகத்துக்கு அனுப்பும் உள்ளுறுப்பு மாதிரிகள். கோர்ட்டில் கேட்டால் ரிப்போர்ட் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். பார்க்க வேண்டியவர் விடுப்பில் இருந்தார். வியாழக்கிழமை வரச் சொல்லி, நானும் வேலைக்கு லீவு போட்டுப் போனால், அவர் அன்றைக்கு வேறு கோர்ட் டூட்டி. மூன்று இடத்திலும் யாரும் "தர மாட்டோம்" என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மறுத்தால்தானே மேல்முறையீடு போட முடியும்? அடுத்த கதவைக் காட்டிவிட்டால் அவர்கள் பாடு முடிந்தது.

விசரா விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். உடம்பில் இருந்த காயங்களை எழுதும் உடற்கூறாய்வுச் சான்று வேறு, தடய அறிவியல் ஆய்வகத்தின் முடிவு வந்தபிறகு டாக்டர் கொடுக்கும் இறுதிக் கருத்து வேறு. ஆய்வகத்திலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும். ஆனால் காயங்களின் பட்டியல் அறுவை முடிந்தவுடனே எழுதப்பட்டுவிடும். மனுவில் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, முதலாவதை உடனே கேளுங்கள்.

கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவும் கொடுத்துப் பார்த்தோம். அது எந்த ஸ்டேஷனைப் பற்றியோ அதே ஸ்டேஷனுக்கு "தக்க நடவடிக்கைக்காக" அனுப்பப்பட்டது. பிறகு மனு முடிக்கப்பட்டது என்று போனுக்கு மெசேஜ் வந்தது.

அப்புறம்தான் ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, போலீஸுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. இரண்டு பேரும் ஒரே வரியில் பதில் போட்டார்கள்: "விசாரணை நிலுவையில் உள்ளதால் பிரிவு 8(1)(எச்)-இன் கீழ் வழங்க இயலாது." எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு வகையில் நிம்மதிதான். முதல்முறையாக மறுப்பு எழுத்தில் வந்திருக்கிறது.

அந்தப் பிரிவை எழுதிவிட்டால் மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்பதே காரணமாகாது, தகவலைத் தந்தால் அது எப்படிக் கெடும் என்று அலுவலர் விளக்க வேண்டும் என 2007-இல் டில்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. காயங்களின் பட்டியலை இறந்தவனின் அம்மா படித்தால் எந்த விசாரணை கெடும்? இதையே கேள்வியாக எழுதி, பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டேன்.

அது கிடக்கட்டும் என்று, அதே வாரம் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு ஆர்டிஐயும் அனுப்பினேன். இந்த முறை ரிப்போர்ட்டைக் கேட்கவே இல்லை. "இன்ன எண்ணுள்ள பிரேதப் பரிசோதனையின் அறிக்கை எந்தத் தேதியில், எந்த அனுப்புகை எண்ணில், யார் யாருக்கு அனுப்பப்பட்டது? பதிவேட்டின் அந்தப் பக்க நகல் தேவை." இவ்வளவுதான். மறைக்க இதில் ஒன்றும் இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ, பதில் சமர்த்தாக வந்தது. நாங்கள் ஸ்டேஷனில் முதன்முதல் கேட்பதற்கு முன்னாலேயே ரிப்போர்ட் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. ஸ்டேஷனில் வாங்கியவரின் கையெழுத்துகூட இருந்தது.

அந்தப் பக்கத்தை இணைத்து, கோர்ட்டில் நகல் மனு போட்டோம். இங்கே ஒரு எச்சரிக்கை: கோர்ட் ஆவணத்துக்கு ஆர்டிஐ போட்டு நாளைக் கடத்தாதீர்கள். அதற்கு நகல் மனுதான் வழி. "வந்ததா என்று பார்க்க வேண்டும்" என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. அனுப்புகை எண்ணைப் பார்த்ததும் அலமாரியில் இருந்து ஃபைல் வந்துவிட்டது.

வீடியோ இன்னும் வரவில்லை. நடுவரின் விசாரணை அறிக்கையும் வரவில்லை. ஊரறிந்த விசாரணைகளின் அறிக்கைகளே தாமதமாகத்தான் வெளியே வந்தன. தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அது பேரவைக்கு வந்தது அக்டோபரில். ஜெயலலிதா மரணத்துக்கு 2017-இல் போட்ட ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கையும் அதே நாளில்தான் வைக்கப்பட்டது. விசாரணை ஆணையச் சட்டத்திலாவது ஆறு மாதத்துக்குள் பேரவையில் வைக்க வேண்டும் என்று ஒரு கெடு இருக்கிறது. எங்களைப் போன்றவர்களின் நடுவர் அறிக்கைக்கு எந்தப் பேரவை?

இன்னொன்று, இது அவசரம். ஸ்டேஷன் சிசிடிவி பதிவை 18 மாதம், வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் உத்தரவிட்டது. ஆனால் எங்களுக்கு வந்த பதில், "தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் பதிவு இல்லை." உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், காரியம் முடியட்டும் என்று காத்திருக்காமல், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரையிலான பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று எஸ்பிக்கும் நடுவருக்கும் அன்றைக்கே தபாலில் எழுதிப் போடுங்கள். ஒப்புகை அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வக்கீல் அப்படி ஒரு கடிதத்தை மூன்றாம் நாளே அனுப்ப வைத்தார், புண்ணியவான். கோளாறு எந்தத் தேதியில் ஏற்பட்டது, யார் சரிசெய்தார், அதற்கான பில் எங்கே என்று இப்போது கேட்டிருக்கிறேன். அதற்கும் 8(1)(எச்) என்று பதில் வந்திருக்கிறது. முதல் மேல்முறையீட்டிலும் அதே பதில்தான். அந்த முடிவு வந்த 90 நாளுக்குள் இரண்டாவது மேல்முறையீட்டை மாநிலத் தகவல் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். இன்று இரவு உட்கார்ந்து அதைத்தான் எழுதப் போகிறேன்.