ஒரு உழவு மழையும் என் மூக்கும்

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை. புழுதி பறக்கும், காடு காய்ந்து கிடக்கும், நான் நன்றாக இருப்பேன். கோடை மழை ஒன்று இறங்கி, ஊரே குளிர்ந்து, எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுகிற காலத்தில்தான் என் மூச்சு அடைக்கும். இந்தக் கணக்கு பிடிபடவே எனக்கு மூன்று கோடை ஆனது.

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் எங்கள் ஊர். பன்னிரண்டு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வேலா மரம், மேய்வதற்கு ஏழு காங்கயம் மாடுகள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தவன், 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வந்தேன். அப்புறம் திரும்பிப் போகவில்லை. இப்போது வேலைக்குத் தினமும் பைக்கில் போய் வருகிறேன்.

2021 கோடையில் ஆரம்பித்தது. காலையில் பால் கேனை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போவதற்குள் இருபது தும்மல். மூக்கில் தண்ணீர் கொட்டும், கண் அரிக்கும், மேல் அண்ணம் அரிக்கும். நாக்கை மடித்து அண்ணத்தைச் சொறிந்துகொள்வேன், பார்க்கிறவர்களுக்குக் கோமாளித்தனமாக இருக்கும். கொரோனா காலம் வேறு. சொசைட்டியில் நான் போனாலே வரிசை தானாக விலகி வழி விட்டது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கம்பெனி ஆட்கள் பஞ்சுத் தூசி என்றார்கள். அம்மா, "தலையில நீர் கோத்துக்கிச்சு கண்ணு" என்று நொச்சித்தழை போட்டு ஆவி பிடிக்க வைத்தார். ஆவி பிடித்தால் அரை மணி நேரம் சுகம், பிறகு பழைய கதைதான். வாசலில் வேப்பமரம் பூத்துக் கொட்டுவதைப் பார்த்து, "இந்தப் பூவு ஆகாது, மரத்தைக் கோதிருங்க மாப்பிள்ளை" என்று அத்தை அடித்துச் சொல்லிவிட்டார். ரெண்டு கிளையை வெட்டியும் விட்டேன். பாவம் அந்த மரம். பூச்சியை நம்பிப் பூக்கிற வேம்பின் மகரந்தம் காற்றில் அவ்வளவாகப் பறக்காது என்று எனக்கு அப்போது தெரியாது. வாசனையும் நிறமும் இல்லாமல், பூ என்றே யாரும் மதிக்காத புல்தான் காற்றை நம்பிப் பூக்கிறது. அதனால் அள்ளி இறைக்கிறது.

சளி பிடித்தால் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். சளி கெட்டியாகும், சில சமயம் காய்ச்சல் அடிக்கும், அரிப்பு இருக்காது. எனக்கு வாரக்கணக்கில் தெளிந்த தண்ணீர், காய்ச்சல் இல்லை, அரிப்பு மட்டும் தாளவில்லை. இந்த வித்தியாசத்தை முதல் வருசமே யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருசம் நானே ஒரு முட்டாள்தனம் செய்தேன். மருந்துக் கடையில் மூக்கடைப்புக்கு என்று சொட்டு மருந்து வாங்கினேன். விட்ட ரெண்டாவது நிமிடம் மூக்கு திறந்தது, கடவுளைக் கண்ட மாதிரி இருந்தது. ஒரு மாதம் விட்டேன். நாள் போகப் போக ஆறு மணி நேரம் தாங்கியது மூன்று மணி நேரமானது. கடைசியில் சொட்டு விடாமல் தூக்கமே இல்லை. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகைச் சொட்டுகளை நாலைந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்தே அடைப்பை உண்டாக்க ஆரம்பித்துவிடுமாம். அதிலிருந்து வெளியே வந்தது தனிக் கூத்து.

அந்தச் சொட்டை நிறுத்தப் போன இடத்தில்தான் காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒருவர், "எந்த மாசம் வருது, எப்ப போகுதுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். எழுதவில்லை. கோயமுத்தூரில் அலர்ஜி டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். முதல் முறை போனபோது முந்தின நாள் இரவு தும்மல் மாத்திரை போட்டிருந்தேன். மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் தோலில் ஒன்றும் காட்டாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே சொல்லியிருந்தால் ஒரு நாள் சம்பளம் மிச்சம். நீங்கள் போனால் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை ஒழுங்காக நடந்தது. முன்னங்கையில் பேனாவால் வரிசையாக எண் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு வைத்து, அதன் மேலேயே சின்ன ஊசியால் லேசாகக் குத்தினார்கள். ரத்தம் வராது, எறும்பு கடித்த மாதிரிதான். ஒன்றில் ஹிஸ்டமின், அது எல்லோருக்கும் தடிக்கும். ஒன்றில் வெறும் உப்புநீர், அது தடிக்கக் கூடாது. இந்த ரெண்டும் சரியாக இருந்தால்தான் மற்றதை நம்பலாம். 15 நிமிடம் சொறியாமல் உட்கார வேண்டும், அதுதான் கஷ்டம். பிறகு ஸ்கேல் வைத்து அளந்தார்கள். உப்புநீர்ப் புள்ளியைவிட 3 மில்லிமீட்டராவது கூட இருந்தால் பாசிட்டிவ். பருத்தி ஒன்றும் இல்லை. பார்த்தீனியம் ஒன்றும் இல்லை. 'சைனோடான்' நன்றாகத் தடித்திருந்தது. 'சென்க்ரஸ்' என்று போட்டிருந்த புள்ளி, வாய்க்கால் ஓரத்துக் கொசு கடித்த மாதிரி எழும்பியிருந்தது.

பஸ்ஸில் வரும்போது போனில் தேடினேன். சைனோடான் என்றால் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல். சென்க்ரஸ் படத்தைத் திறந்தால் எங்கள் காட்டுக் கொழுக்கட்டைப் புல். மூன்று தலைமுறையாக எங்கள் மாட்டை வளர்த்த புல்.

புல்லின் மகரந்தம் தலைமுடித் தடிமனில் பாதி கூட இருக்காது என்று டாக்டர் விளக்கினார். அதில் உள்ள புரதத்தை என் உடம்பு விஷம் என்று தப்பாக நினைத்து, ஐஜிஈ என்கிற எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருக்கிறது. மறுபடி அது மூக்கில் படும்போது அங்கிருக்கும் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. தும்மலும் அரிப்பும் அதனால்தான். "சின்ன வயசுல இந்தப் புல்லுலதானுங்க உருண்டேன்" என்றேன். எந்த வயசிலும் வரலாம் என்றார். இங்கிலாந்தில் 1819-லேயே ஜான் பாஸ்டாக் என்கிற மருத்துவர் தனக்கு வந்த இந்தச் சீக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்குப் புல் மகரந்தம்தான் காரணம் என்று சார்லஸ் பிளாக்லி 1873-ல் தன் மேலேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார். மருத்துவருக்கே வந்த சீக்கு என்று தெரிந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோசம்.

வெளிநாட்டுக்காரர்களின் குறிப்புகளில் மே, ஜூன், ஜூலை என்று மாசம் போட்டிருப்பார்கள். அது அவர்கள் ஊர் டிமோதி புல்லுக்கும் ரை புல்லுக்கும். நம் காட்டுப் புல் மாசத்தைப் பார்த்துப் பூப்பதில்லை, மழையைப் பார்த்துப் பூக்கிறது.

அதைக் காட்டிக் கொடுத்தது அப்பாவின் மழை நோட்டு. எத்தனையோ வருசமாக, மழை பெய்த நாளெல்லாம் தேதி போட்டு "ஒரு உழவு", "ரெண்டு உழவு" என்று எழுதி வைத்திருக்கிறார். மில்லிமீட்டர் எல்லாம் அவருக்குக் கிடையாது. கலப்பை இறங்குகிற ஆழத்துக்கு மண் நனைந்தால் ஒரு உழவு. என் லீவு நாட்களையும் மெடிக்கல் பில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு உழவு மழை பெய்து மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் ஒவ்வொரு முறையும் மூக்கு ஒழுகியிருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகும் அப்படியே. ஊரே சளியில் இருக்கிற காலம் என்பதால் அதை நான் கவனிக்கவே இல்லை. பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்கால் கரையில் ஈரம் இருக்கிற வரை அருகு பூத்துக்கொண்டே இருக்கும், அதனால் நடுவிலும் கொஞ்சம் நமநமப்பு.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்ப் பார்த்தேன். கதிரெல்லாம் அணில் வால் மாதிரி. உற்றுப் பார்த்தால் மயிரிழைக்கு நடுவில் சின்னச் சின்னப் பைகள் தொங்குகின்றன. ஒரு கதிரை விரலால் சுண்டினேன். இளவெயிலில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் புகை மாதிரி எழும்பி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு கிழக்கே போனது. இத்தனை பாடு இத்துணூண்டு தூளுக்கா என்றிருந்தது. கட்டியிருந்த துணியையும் தாண்டி அஞ்சு நிமிசத்தில் தும்மல்.

வைத்தியம் என்று பார்த்தால், எனக்கு உண்மையில் வேலை செய்தது மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரே. "ஸ்டீராய்டா? உடம்பு ஊதிப்போயிருமாமே" என்று அம்மா பயந்தார். ஒரு அடிக்கு 50 மைக்ரோகிராம்தான், பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகு சமாதானமானார். சொட்டு மருந்து மாதிரி உடனே திறக்காது, முழுப் பலன் தெரிய ரெண்டு வாரம் கூட ஆகும். அதனால் பூக்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டும். இங்கேதான் மழை நோட்டு கைகொடுத்தது: ஒரு உழவு மழை பெய்த அன்றே ஸ்பிரேயை எடுத்துவிடுகிறேன். தலையை லேசாகக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும், காதுப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். நடுத்தண்டில் அடித்து முதல் மாதம் எனக்கு ரத்தம் கசிந்தது.

மாத்திரையில் செட்டிரிசின் போட்டால் மதியம் கணக்கு நோட்டின் மேலேயே தூங்கினேன். டாக்டர் ஃபெக்ஸோஃபெனடினுக்கு மாற்றினார். அதை ஜூஸோடு விழுங்கக் கூடாது, மருந்து சரியாக உடம்பில் ஏறாது. சாத்துக்குடி ஜூஸோடு போட்டுவிட்டு மருந்தைத் திட்டியவன் நான். பூக்கிற காலத்தில் காட்டுக்குப் போய் வந்ததும் தலையோடு குளியல், துணி கொடியில் வெளியே காயாது. ராத்திரி உப்புநீரில் மூக்கைக் கழுவுவேன். அதற்குக் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் ஆகவே ஆகாது, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான்.

மருந்தைவிடப் பெரிய பஞ்சாயத்து மாட்டை எப்போது மேய விடுவது என்பதில் வந்தது. வீட்டை ஒட்டிய நாலு ஏக்கரில் கதிர் வாங்கும் முன்பே மாட்டை இறக்கலாம் என்றேன். அப்பா ஒரு நிமிசம் என்னைப் பார்த்தார். "விதை உதிராம மேய உட்டா, அடுத்த வருசம் மாடு மண்ணைத்தான் நக்கோணும்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஒரு மாதம் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, கோடை மழைக்கு வீட்டுப்பக்கக் காட்டை முன்கூட்டியே மேய்ப்பது, ஐப்பசி மழைக்கு அதைக் கதிர் முற்ற விடுவது என்று முடிவானது. அக்கம்பக்கக் காடெல்லாம் பூக்கும்போது இதில் முழு நிவாரணம் வராது. வாசலில் விழுகிற தூள் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். போன வருசம் இடி மழைக்கு முந்தின காற்றில் பைக் ஓட்டி வந்தேன், அன்று இரவு நெஞ்சு இறுகி வீசிங் வந்தது. ஈரத்தில் மகரந்தம் வெடித்துப் பொடியாகி நுரையீரல் வரை போய்விடுமாம். 2016 நவம்பரில் மெல்போர்ன் நகரத்தில் இப்படி ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மூச்சுத்திணறி, பத்துப் பேர் இறந்தே போனார்கள். இப்போது பைக் பெட்டியில் இன்ஹேலர் இருக்கிறது, கறுத்து வந்தால் எங்காவது ஒதுங்கிவிடுகிறேன். ஆகாத மகரந்தத்துக்கு உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிற அலர்ஜி ஊசி குறைந்தது மூன்று வருசம் போடவேண்டும் என்கிறார்கள். அதற்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

இந்தச் சித்திரையில் கம்பெனியில் இருந்தபோது அப்பா போன் செய்தார்.

"மழைங்கப்பா?"

"பேஞ்சுது. ஆனா அரை உழவுதான். மருந்து அடிக்கோணுமா வேண்டாமான்னு டாக்டரைக் கேட்டுக்க."

அரை உழவுக்கு டாக்டர் என்ன சொல்வார்! அன்று ராத்திரியே அடித்துவிட்டேன்.