துளசிமதியும் எட்டுப் புள்ளிக் கணக்கும்

2023 அக்டோபர், மாற்றுத்திறனாளிகளுக்கான ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டு. பேட்மிண்டன் பெண்கள் ஒற்றையர் எஸ்.யு.5 பிரிவு இறுதியில் காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் சீனாவின் யாங் சியுஷியாவை 21-19, 21-19 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கினார். 2024 செப்டம்பர் 2, பாரிஸ் பாராலிம்பிக் இறுதி. அதே யாங்கிடம் 17-21, 10-21 என்று தோற்று வெள்ளி. ஹாங்சோவில் இரண்டு கேமும் சேர்த்து வித்தியாசம் நாலே பாயிண்ட், பாரிஸில் பதினைந்து. தங்கத்தைக் கோட்டைவிட்டார் என்று அன்று எழுதியவர்களுக்கு ஒன்று: யாங் டோக்கியோ பாராலிம்பிக்கிலேயே இந்தப் பிரிவின் சாம்பியன். உண்மையில் ஆச்சரியப்பட வேண்டியது ஹாங்சோ முடிவைப் பார்த்துத்தான்.

துளசிமதியின் பிரிவு எஸ்.யு.5. நின்று ஆடுபவர்கள், பாதிப்பு கையில். கால்களில் குறை இல்லாததால் இந்தப் பிரிவுக்குக் கோர்ட்டில் எந்தச் சலுகையும் கிடையாது: நீளம் 13.4 மீட்டர், ஒற்றையர் அகலம் 5.18 மீட்டர், சிந்து ஆடுகிற அதே கட்டம்தான். கால் பாதிப்பு அதிகம் உள்ளவர்களுக்கான எஸ்.எல்.3 ஒற்றையரில் அகலத்தில் பாதிதான் கோர்ட். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு பிரிவுகளின் ரேலியையும் ஒப்பிட்டுப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

துளசிமதிக்குப் பிறவியிலிருந்தே இடது கையில் குறைபாடு. ஆடுவது வலது கையால். ராக்கெட் பிடிக்கிற கை நன்றாக இருக்கும்போது மற்றக் கையால் என்ன நஷ்டம் என்று பலர் கேட்பதுண்டு. நிறையவே உண்டு. ஸ்மாஷுக்குப் போகும்போது இடது கை மேலே எழுந்து ஷட்டிலைக் குறிபார்க்கும். அதனால்தான் தோள் திறக்கிறது. அடிக்கிற நொடியில் அந்தக் கை வயிற்றுப் பக்கம் மடங்கி உள்ளே வரும், உடம்பு சுழல்வதற்கான இழுவை அங்கிருந்து கிடைக்கும். அந்தக் கை முழுதாக வேலை செய்யாவிட்டால் சுழற்சியை இடுப்பிலும் பின்னங்காலிலும் இருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு ஷட்டிலுக்குப் பின்னால் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். அரை அடி தாமதமானாலும் ஷட்டில் தலைக்குப் பின்னால் போய்விடும், உடம்பு சாயும், ஸ்மாஷாக நினைத்தது வெறும் கிளியராக, அதாவது பின்கோட்டுக்கு உயரமாக அடிக்கும் அடியாகப் போகும்.

நெட் பக்கம் லஞ்ச் போடும்போதும், அதாவது ஒரு காலை முன்னே நீட்டிப் பாயும்போதும், இதே சிக்கல். வலது கால் முன்னே பாய, இடது கை பின்னால் விரிந்து எடையைச் சமன் செய்யும். அது குறைந்தால் மொத்தச் சுமையும் முன்முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகிறது. திரும்பி நடுவுக்கு வர ஒரு கணம் கூடுதலாகப் பிடிக்கும். எஸ்.யு.5 எதிராளிகள் நெட்டை ஒட்டி மெதுவாக விழும் ஒரு டிராப், உடனே எதிர் மூலைக்கு உயரமாக ஒரு லிஃப்ட் என்று மாற்றி மாற்றிப் போடுவது இந்த ஒரு கணத்துக்காகத்தான். ஆகவே இந்தப் பிரிவில் கால் பயிற்சிதான் எல்லாமே. துளசிமதிக்கு அந்த அடித்தளத்தைப் போட்ட முதல் பயிற்சியாளர் அவருடைய அப்பா.

பாரிஸ் அரையிறுதி தமிழ்நாட்டு ரசிகர்களுக்குத் தர்மசங்கடமான ஆட்டம். எதிரே திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ், 2022 உலக சாம்பியன். அவருக்கு வலது கையில் பாதிப்பு, ஆடுவது இடது கை. துளசிமதி 23-21, 21-17 என்று ஜெயித்தார்; மனிஷா பிறகு டென்மார்க்கின் கேத்ரின் ரோசன்கிரெனை 21-12, 21-8 என்று வென்று வெண்கலம் எடுத்தார். பாராலிம்பிக் பேட்மிண்டனில் இந்தியப் பெண்களுக்கு அதுவரை பதக்கமே இல்லை. உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்.எச்.6 பிரிவில் வெண்கலம் வாங்கிய ஓசூர் நித்யஸ்ரீ சிவனையும் சேர்த்தால் பாரிஸில் பெண்கள் எடுத்த மூன்றும் தமிழ்நாட்டுக் கணக்கு. துளசிமதிக்கு மாநில அரசு 2 கோடி ரூபாய் கொடுத்தது. மூவருக்கும் அர்ஜுனா விருதும் வந்தது.

இரட்டையர் கதை வேறு. எஸ்.எல்.3-எஸ்.யு.5 என்ற பிரிவில் பெண்கள் ஜோடிக்கும் கலப்பு ஜோடிக்கும் பிரிவு எண்களின் கூட்டுத்தொகை 8-ஐத் தாண்டக் கூடாது. துளசிமதி 5, ஆகவே ஜோடி 3-ஆகத்தான் இருக்க முடியும். அப்படித்தான் ஹாங்சோவில் மானசி ஜோஷியோடு வெள்ளி, நிதேஷ் குமாரோடு கலப்பில் வெண்கலம். மானசி 2019 உலக சாம்பியன், இடது காலில் செயற்கைக் கால் பொருத்தி ஆடுபவர். பெண்கள் இரட்டையரில் அவர்களுக்கு எதிரே நின்ற இந்தோனேசியாவின் லியானி, காலிமதுஸ் இருவரும் எஸ்.எல்.4, கால் பாதிப்பு எஸ்.எல்.3-ஐவிடக் குறைந்த பிரிவு. அதாவது 4+4, கிட்டத்தட்ட சமமான இருவர். நம்முடையது 3+5: ஒருவர் நன்றாக ஓடுபவர், மற்றவரால் அவ்வளவு ஓட முடியாது. இதில் கோர்ட்டும் முழு அகலம்.

ரேலி தொடங்கிவிட்டால் சமாளிக்கலாம். எஸ்.எல்.3 ஆட்டக்காரர் முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்வார், பின்பக்கம் முழுவதும் எஸ்.யு.5 ஓடுவார். யார் எங்கே நிற்பது என்று விதி கேட்பதில்லை. சர்வீஸில்தான் மாட்டிக்கொள்வார்கள். வருகிற சர்வை அந்தக் கட்டத்தில் நிற்பவர்தான் எடுத்தாக வேண்டும், ஜோடி உதவிக்கு வர முடியாது. எதிராளி குட்டை சர்வ் போடுவதுபோல் கையைக் கொண்டுவந்து கடைசியில் தலைக்கு மேல் ஃபிளிக் செய்தால், செயற்கைக் காலோடு பின்னால் போய் அதை எடுப்பவருக்கு உயரமாகத் தூக்குவதைத் தவிரப் பெரும்பாலும் வழி இருக்காது. அடுத்த அடி ஸ்மாஷ். அதை எதிர்பார்த்து எஸ்.யு.5 முன்கூட்டியே பின்னால் நகர்ந்தால் முன்பக்கம் காலி. இந்த ஜோடிகளின் ஆட்டத்தைப் பார்க்கும்போது ஷட்டிலை விட்டுவிட்டு, சர்வை எடுக்காதவரின் கால்களைப் பாருங்கள்.

டோக்கியோவில் இருந்த இந்தப் பெண்கள் இரட்டையர் பிரிவைப் பாரிஸில் நீக்கிவிட்டார்கள். பதிலுக்குப் பெண்கள் எஸ்.எல்.3, எஸ்.எச்.6 ஒற்றையர்கள் வந்தன. எஸ்.எல்.3 ஆட்டக்காரரான மானசிக்கு அது நல்லதாகப் போயிற்று. துளசிமதிக்கு ஒரு பதக்க வாய்ப்பு போனது. மிஞ்சியது கலப்பு இரட்டையர் மட்டும், அதில் நிதேஷோடு பதக்கம் கிடைக்கவில்லை. இன்னொரு இந்திய வீரரான சுஹாஸ் யதிராஜோடு ஆடலாமே என்று கேட்பவர்களுக்கு: அவர் எஸ்.எல்.4, கூட்டினால் 9. அவருக்கு ஜோடியாக வந்தவர் பாலக் கோலி. டோக்கியோவில் எஸ்.யு.5-ஆக ஆடியவர், பாரிஸுக்குள் பிரிவு மாறி எஸ்.எல்.4 ஆகியிருந்தார்.