வீட்டில்தானே இருக்கிறாய்?

"வீட்டில்தானே இருக்கிறாய், கொஞ்சம் பார்த்துக்கொள்ளேன்" என்ற பேச்சைக் கேட்காத துணிக்கலைஞர் இருக்க மாட்டார். கையில் ஊசியும் நூலும் இருந்தாலே அது பொழுதுபோக்கு என்றுதான் பலருக்கும் நினைப்பு.

எம்பிராய்டரி என்றால் பரவாயில்லை. ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கப் போகலாம். அவுரிச் சாயம் அப்படி எழுந்து போக விடாது. தொட்டிக்குள் காற்றுப் புகாமல் துணியை மெல்ல இறக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருப்பது, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது. உடனே பிரித்து விரிக்காவிட்டால் மடிப்புகளில் நிறம் திட்டுத் திட்டாக நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்று கேட்டால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும். (சாக்ஸ் எப்போதும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.)

ஓவியர் சோனியா டெலோனே 1911-இல் தன் கைக்குழந்தைக்காக ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தைத்தார். இன்று அது பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றின் சேகரிப்பில் இருக்கிறது. இதைச் சொன்னால், "பார், வீட்டிலிருந்தே சாதிக்கலாம்" என்று என்னிடமே திருப்புகிறார்கள். அவர் தைத்துக்கொண்டிருந்தபோது குழந்தை யார் மடியில் இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

வரும் வாரம் முழுக்கச் சாயம்தான். மாலை நேரத்துப் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார், சாக்ஸ் உட்பட. அலைபேசியை எடுக்கவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.