பால்தேத்தண்ணி நிறத்தில் கியர் ஒயில்

முகத்துவாரத்தில் மாமாவின் படகு எஞ்சினுக்கு அடித்திருகைக் கழற்றியதும் கியர் ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி வடிந்தது, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. புரொபெல்லரைக் கழற்றினால், தண்டில் தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) சுற்றி இறுகி, ஒயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் ரப்பர் வளையமான 'சீல்'ஐ அறுத்திருக்கிறது.

புதுச் சீல் போட்டால் சரி என்றார் மாமா. அதே இடத்தில் போட்டால் சரிவராது, தண்டில் பழைய சீல் உரசிய இடத்தில் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம். அதனால் புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தேன். இரண்டு சீல், முதுகோடு முதுகாக: உள்ளே பார்ப்பது ஒயிலுக்கு, வெளியே பார்ப்பது தண்ணீருக்கு. அப்புறம் கைப்பம்பால் கியர் பெட்டிக்குள் 10 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றேற்றி, சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தேன், குமிழி இல்லை.

ஒயிலைக் கீழ்த்துளையால் ஏற்றுங்கள், மேல்துளையால் வழியும்வரை. திருகுக்குப் பழைய வொஷரை மட்டும் போடாதீர்கள், நான் ஒருமுறை பட்டிருக்கிறேன்.