ஒரு பேருக்கு ஒரு இணைப்பு

ஒரு பேருக்கு ஒரு இணைப்புத்தான் என்ற கட்டுப்பாட்டை ரேடியஸ் சேர்வரில் போட்டது நான். வெளியிலிருந்து எங்கள் வலையமைப்புக்குள் வருகிறவரின் பேரையும் பாஸ்வேர்ட்டையும் சரிபார்க்கிற சேர்வர் அது. ஏன் போட்டாய் என்று இன்றைக்குக் கேட்டாலும் பதில் இருக்கிறது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் ஒரே நேரத்தில் ஒரே பேர் வேலை செய்துகொண்டிருந்ததைக் கணக்குப் பதிவில் கண்டேன். ஆரோ ஒருவர் பாஸ்வேர்ட்டை மற்றவருக்குக் கொடுத்திருக்கிறார். சனத்தின் அடையாள அட்டை இலக்கமும் காணி விபரமும் கிடக்கிற இடம். உள்ளே போனது ஆர் என்று நாளைக்குக் கேள்வி வந்தால் நான் என்ன சொல்வது? ஆகவே எல்லாருக்குமான டிஃபோல்ட் வரியில் சைமல்டேனியஸ்-யூஸ் 1, அதாவது ஒரு பேரில் ஒரே நேரத்தில் ஒரு இணைப்புத்தான்.

இதன் பலவீனம் எனக்குத் தெரியாததல்ல. செஷன்-டைம்அவுட், ஐடில்-டைம்அவுட் போன்ற நேரக் கட்டுப்பாடுகள் எல்லாம் விபிஎன் பெட்டிக்கு, அதாவது வெளியிலிருந்து வருகிற இணைப்பை வாங்குகிற பெட்டிக்கு, அனுப்பப்படுகிற பண்புகள். அதுவே நேரம் பார்த்து ஆளை வெளியே விடும். சைமல்டேனியஸ்-யூஸ் அப்படிப் போவதில்லை. எங்கள் ரேடியஸ் மென்பொருளான ஃப்ரீரேடியஸ் தனக்குள் வைத்திருக்கிற கணக்கு அது. ஆள் வந்ததும் ஸ்டார்ட், போனதும் ஸ்டொப் என்று பெட்டி சேர்வருக்கு, கணக்குத் தகவலுக்கான 1813ஆம் போர்ட்டில் சொல்லவேண்டும். ஸ்டொப் வராவிட்டால் கணக்கில் ஆள் இன்னும் உள்ளேதான், திரும்ப வந்தால் கதவு திறக்காது. கரண்ட் போய் யுபிஎஸ்சும் இறங்கினால் ஸ்டொப்பை ஆர் அனுப்புவது? திரும்ப எழும்பும்போதாவது 'நான் புதிதாகத் தொடங்குகிறேன்' என்று ஒரு தகவல் அனுப்பவேண்டும். எங்கள் பெட்டி அதையும் அனுப்பாது.

புதுக்குடியிருப்புப் பக்கம் வேலை செய்கிற அக்கா ஒருவர் அன்று போன் எடுத்தார்.

"தம்பி, நான் உள்ளுக்க இருக்கிறன் எண்டு உங்கட மெசின் சொல்லுது. நான் வெளியில நிக்கிறன் எண்டு நான் சொல்லுறன். ஆரை நம்பப் போறியள்?"

"பதிவில நீங்கள் உள்ளுக்க இருக்கிறியள் அக்கா."

"அப்ப சரி தம்பி. பதிவில இருந்தால் சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வன்னியில் பேர் ஒரு பட்டியலிலும் ஆள் வேறெங்கோவுமாக இருந்த காலத்தைக் கடந்து வந்தவரிடம் நான் சொன்ன பதில் அது. இப்படி யோசிப்பதும் மிகையோ தெரியவில்லை. அவர் கேட்டது ஒரு டொங்கிள் இணைப்பைப் பற்றி. நான் சொன்னது ஒரு டேபிளில் ஸ்டொப் நேரம் வெறுமையாகக் கிடக்கிற வரியைப் பற்றி.

அந்த வரியை மூட ஒரு கட்டளை போதும். பிறகு மூடியும் விட்டேன். முதலில் மூடிவிட்டுப் பிறகு கதைத்திருக்கலாமே என்று மனம் சொல்கிறது. ஆனால் போனில் ஒருவர் சொன்னதும் திறந்து விடுவதென்றால் பூட்டு எதற்கு? அவருடைய குரல் எனக்குத் தெரியும் என்பது ஒரு சான்றா? எனக்குச் சான்று. கணக்காய்வுக்கு வருகிறவருக்கு அல்ல.

பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் இடைத்தகவல் அனுப்பும்படி பெட்டிக்குச் சொன்னேன், 600 செக்கன். இரண்டு தடவை தகவல் வராத இணைப்பைச் செத்ததாக எடுத்துக்கொள்ளும்படி, உள்ளே எத்தனை பேர் என்று டேபிளில் எண்ணுகிற கட்டளையையும் மாற்றினேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் லைன் விழுந்தால் இருபது நிமிடம் காத்திருக்கவேண்டும். சிலருக்குச் சிக்னல் கிடைப்பதே அந்த இருபது நிமிடம்தான்.

அதனால் அக்காவுக்கு மட்டும் 2 என்று தனி வரி எழுதினேன். எழுதும்போதுதான் விதிவிலக்கின் தொல்லை தெரிந்தது. அவருடைய வரியை மேலே வைத்து ஃபோல்-த்ரூ, அதாவது கீழே உள்ள வரிகளையும் பார் என்ற குறிப்பு, போட்டால் கீழே இருக்கிற டிஃபோல்ட் வந்து 2ஐத் திரும்ப 1 ஆக்கிவிடும். போடாவிட்டால் டிஃபோல்டில் இருக்கிற ஒன்றும் அவருக்கு வராது. நேரக் கட்டுப்பாடு முதல் ஃபில்டர் வரை எல்லாவற்றையும் அவர் பேருக்குக் கீழே மறுபடி எழுதவேண்டும். எழுதினேன்.

"இந்த ஒரு ஆளுக்கு மட்டும் ஏன்?" என்று மனேஜர் கேட்டார். சிக்னல் மோசமான இடம் என்றேன். ஒட்டுசுட்டானும் துணுக்காயும் திறமோ என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தரும் போன் எடுக்கவில்லையே என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எனக்கே உறுத்தியது. தன் பேரில் உள்ளே போக முடியாத ஒருவர், பக்கத்தில் இருக்கிறவரின் பேரைக் கேட்டு வாங்கினால் எனக்கு ஏன் போன் எடுக்கப் போகிறார்? அப்படியென்றால் பாஸ்வேர்ட் கைமாறக்கூடாது என்று நான் போட்ட கட்டுப்பாடே அதைக் கைமாற வைத்திருக்குமா?

ஆள் எந்த முகவரியிலிருந்து வந்தார் என்று பதிவாகிற கோலிங்-ஸ்டேஷன்-ஐடியைப் பார்த்தேன். மொபைல் கம்பனிக்காரர் பல பேரை ஒரே முகவரிக்குள் அடைத்து வெளியே விடுகிறார்கள். ஒட்டுசுட்டானில் இருப்பவரும் மல்லாவியில் இருப்பவரும் எனக்கு ஒரே ஆள்தான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே என்பதால் எண்ணிக்கையிலும் பிழை இல்லை. அக்காவும் இப்போது போன் எடுப்பதில்லை. 2 வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அந்த வரியை எடுக்கச் சொல்லி மனேஜர் இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.